காரணம் என்ற கட்டம்

தை மாதம் ஒரு செவ்வாய், காலை ஐந்தேகால் டிரிப்.
மாட்டுத்தாவணியில் விசிலை வாயில் வைத்தேன்.
காற்று வலது ஓரமாக வழிந்து போயிற்று.
விசில் நனைந்தது, சத்தம் வரவில்லை.
கண்ணாடியில் பார்த்த சிக்கந்தர்
"என்னண்ணே, பாதி மூஞ்சி லீவுல போயிருச்சா?" என்றான்.
சிரித்தேன்.
பாதிதான் சிரித்தது.

பெரியாஸ்பத்திரியில் மூன்று மணி நேர வரிசை.
சீட்டில் நீளமாக ஒரு சொல்: இடியோபதிக்.
வீட்டில் வைத்து எழுத்துக்கூட்டினேன்.
இடியில் தொடங்குகிறது என்றதும்
மங்கையர்க்கரசி அடுப்பை அணைத்துவிட்டாள்.

கன்னத்தை உப்பச் சொல்லி, ஊ சொல்லி, ஈ சொல்லி,
நடுவில் பிசியோதெரபி ஜெசிந்தா சொன்னாள்:
"காரணம் தெரியலைன்னு அர்த்தம் சார். அவ்ளோதான்."
தெரியலை.
நாலு எழுத்தில் முடிவதற்கு
இத்தனை பெரிய சட்டையா மாட்டி அனுப்புவார்கள்?

புதூர் டிப்போவில் விடுப்புப் படிவம்.
காரணம் என்ற கட்டத்தில்
காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.
"காரணம்னா காரணம் எழுதணும்யா"
திருப்பி நீட்டினார் கிளார்க் செல்லச்சாமி.
டாக்டர் எழுதியதைப் பார்த்துப் பார்த்து
கோலம் மாதிரி வரைந்து கொடுத்தேன்.
உடனே சீல் குத்தினார்.

அன்றிரவு மூடாத கண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு
மற்றக் கண்ணால் போனில் தேடினேன்.
கிரேக்கத்துச் சொல்லாம்.
பல கை மாறி இங்கிலீஷில் வந்து இறங்கியதாம்.
முன்பாதிக்கு: தன்னுடைய, தனக்கே ஆன.
பின்பாதிக்கு: நோவு, படுவது, பட்டது.
தன் நோவு.
இன்னொரு நோயின் வாலைப் பிடித்து வராமல்
தானாக முளைத்த நோவு.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
ஆஸ்பத்திரியில் கைவிரிக்கிற சொல்
வேரில் கைவிரிக்கவில்லை.
மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்து அழுத்துவதுபோல
இது உன்னுடையது, எண்ணிப் பார்த்துக்கோ
என்கிறது.

கீழே இன்னொரு வரி:
இடியட் என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான்.
பொதுக்காரியத்துக்கு வராமல்
தன்பாட்டில் இருப்பவனாம், ஆதியில்.
கோரிப்பாளையம் தாண்டி இறக்கிவிட்டதற்கு
ஒரு வாத்தியார் அன்று என்னைத் திட்டியது
ஆதிப்பொருளில் என்றே எடுத்துக்கொண்டேன்.

லீவு முடிந்தது. விசிலுக்குப் பதில்
கம்பியில் ஐந்து ரூபாய்க் காசு.
ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ.
சிக்கந்தரிடம் சொல்லின் கதையைச் சொன்னேன்.
"என் பேரும் அந்தப் பக்கத்துச் சரக்குதாண்ணே,
பாரசீகம் வழியா வந்துச்சு" என்றான்.
அதன்பிறகு வண்டி முழுக்க அதே பேச்சு.
மூணாவது கியர் விழவில்லையா, இடியோபதிக்.
சிம்மக்கல்லில் நெரிசலா, இடியோபதிக்.
வைகையில் தண்ணீர் இல்லாததற்கு மட்டும்
அவன் ஒத்துக்கொள்ளவில்லை:
"அதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும்ணே."

வியாழக்கிழமைகளில் ஒரு பெண்,
பின்வாசலுக்கு முந்தின சன்னலோரம்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே
அழுதுகொண்டிருப்பாள், சத்தமில்லாமல்.
பெரியாரில் முகத்தைத் துடைத்து இறங்கிவிடுவாள்.
பழைய ஆளாக இருந்தால்
"என்னம்மா, என்ன ஆச்சு" என்று
அந்தக் கட்டத்தை அவளிடமும் நீட்டியிருப்பேன்.
இப்போது சீட்டை மட்டும் கொடுக்கிறேன்.
அவள் பக்கத்துக் கம்பியில்
காசை மெதுவாகத் தட்டுகிறேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம்
யானைக்கல் பாலத்து நடுவில்,
யாரும் இறங்கக் கேட்காத இடத்தில்,
சட்டைப்பையில் கிடந்ததை எடுத்துச் சும்மா ஊதினேன்.
வந்துவிட்டது.
சிக்கந்தர் பிரேக்கை மிதித்துவிட்டான்.
"எப்படிண்ணே?"
"தெரியலை."
பின்னால் ஏகப்பட்ட ஹாரன்.
யார் இறங்க வேண்டும் என்று
எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.