அறை எண் ஒன்பது

மாதம் இரண்டு புதன்கிழமை,
லாட்ஜ் மாடியில், அறை எண் ஒன்பது.
தருமபுரி பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில்
என் கண் உயரத்துக்கே ஒட்டியிருந்தார்கள் நோட்டீசை.

பாலக்கோடு மண்டியில் தக்காளி லோடு ஓட்டுகிறவன் நான்.
வயது முப்பத்தொன்று. கல்யாணமாகி நாலு மாதம்.
முன்தோலுக்கு அடியில்
திரிந்த பால் ஒட்டினாற்போல் ஏதோ வெள்ளையாய்.
கிளீனர் கோவிந்தராசு சொன்னான்:
"அண்ணா, அது கசியுது.
அறுபது சொட்டு ரத்தம், ஒரு சொட்டு."
கணக்குப் போட்டேன்.
பெங்களூர் போய்த் திரும்புவதற்குள்
ஒரு படி ரத்தம் காலியாகியிருந்தது எனக்கு.

வைத்தியர் அதைப் பார்க்கவே இல்லை.
நாடியைப் பிடித்தார், பர்ஸைப் பார்த்தார்.
"சின்ன வயசுக் கைப்பழக்கம்" என்றார்.
இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.
நாலாயிரத்து எண்ணூறு ரூபாய், ஒரு டப்பா லேகியம்.
அதில் வெல்லம் இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

வயிறு இளகியது. வெள்ளை அப்படியே.
பிறகு நானாகவே டெட்டால் ஊற்றினேன்.
அந்த ராத்திரியை எழுத மாட்டேன்.
சேலம் லோடு; தொப்பூர் இறக்கம் முழுக்க
ஒரு பக்கப் பிட்டத்தில் உட்கார்ந்து ஓட்டினேன்.

பச்சியம்மா ஒன்றும் கேட்கவில்லை.
வேறு எவளோ என்று நினைத்திருக்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரீன்.
பொம்பளை டாக்டரா என்று திரும்புவதற்குள்
டோக்கனை வாங்கிவிட்டார்கள்.
பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.
"ஸ்மெக்மா."
புதுத் தக்காளி ரகம் மாதிரி இருந்தது பேர்.

செத்த தோலும் தோலின் எண்ணெயும் சேர்ந்தது, அவ்வளவுதானாம்.
விந்துமில்லை, தொத்து நோயுமில்லை.
பொம்பளைங்களுக்கும் மடிப்பில் சேருமாம்.
"தோலை மெதுவா பின்னுக்குத் தள்ளி
தண்ணியில கழுவுங்க, ஈரம் துடைங்க,
மறக்காம முன்னுக்குக் கொண்டுவாங்க.
வலிச்சா இழுக்காதீங்க. வீங்கினா இங்க வாங்க.
டெட்டால் தரைக்கு."

எவ்வளவு தண்ணி மேடம்?
"ஒரு சொம்பு."

ஒகேனக்கல் குழாய் எங்கள் தெருவுக்கு
எட்டு நாளைக்கு ஒருதரம்.
அதற்கு முன்னே போர்த் தண்ணீர் குடித்துப்
பழுப்பேறிய பல் எனக்கு.
குளிப்பது லாரி ஷெட்டில்,
பத்துப் பேர் நடுவே, ஜட்டியோடு.
எவன் விலக்கிக் கழுவுவான் அங்கே?
பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று
"வீட்ல படிச்சுக்குங்க" என்றார் சார்.
வீட்டில் டிவி ஓடியது.

ராத்திரி பச்சியம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.
லேகியத்தின் விலைக்குச் சிரித்தாள்.
ரொம்ப நேரம் கழித்து, இருட்டில்,
"நானும் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு
எரியுதுன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது
ஒரு குடத்தை மூடித் தனியே வைத்தாள்.
இது எதுக்கு என்றாள் என் அம்மா.
"சாமிக்கு" என்றாள் பச்சியம்மா,
என் பக்கம் திரும்பாமல்.