சம்சாரம் இல்லை

தென்னந்தோப்பு ஒன்றரை ஏக்கர்.
மனுவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
மனு முழுக்க
அப்பா மேல் அண்ணனுக்கு இருக்கிற அக்கறை,
போத்தனூரிலிருந்து பதிவுத் தபாலில் வந்த அக்கறை,
ஒப்புகை அட்டையோடு.

புதன்கிழமை பதினோரு மணிக்கு
சமூக நீதித் துறையின் வெள்ளை ஜீப்
வேலந்தாவளம் தாண்டாமல் இடப்பக்கம் திரும்பி
எங்கள் வாசலில் நின்றது.
அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது.
ஷீபா மேடம் திருவல்லாக்காரர்,
மாற்றலாகி வந்து பதினேழு நாள்.
கெட்டவர் இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

முதலில் கேட்டைப் பார்த்தார்.
கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு,
போன பொங்கலுக்கு வந்த தண்டபாணி அண்ணன்
போனில் படம் பிடித்துப் போன அதே பூட்டு.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய்
ஆளெடுத்துவிட்ட செக்போஸ்ட் முன்னால் நின்று
தக்காளி லாரிகளைக் கைகாட்டி மறிப்பாருங்க,
முப்பத்தொரு வருஷம் அங்கே லோடு பிரித்தவர்,
என்று சொன்னேன்.
பூட்டி வைப்பதுண்டு என்று குறித்துக்கொண்டார்.

மணிக்கட்டில் நீலமாக ஒரு தடம்.
சித்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடம் என்றேன்.
சீட்டு உண்டோ?
உண்டு. எங்கே வைத்தேன்?
அரிசி டப்பாவைக் கவிழ்த்துத் தேடுகிற என்னையும்
பார்த்து ஏதோ எழுதினார்.

அப்புறம் என்னை வெளியே நிற்கச் சொன்னார்.
சட்டமாம்.
பூட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.
ஜன்னல் வழியாகக் கேட்டது:
அப்பச்சா, இவிடே சுகமாணோ?
ராக்கியப்பன் என்கிற என் அப்பா
கண்ணாடியை வேட்டியில் துடைத்தபடி
நிதானமாகச் சொன்னார்:
வீட்ல சம்சாரம் இல்லீங்க.
நாலு வருசமாச்சுங்க.
அதொண்ணுதான் குறை.

அறிக்கையை அக்ஷயா சென்டரில்
நெஃபீசாதான் வாசித்துச் சொன்னாள்.
'இந்த வீட்டில் முதியவரிடம்
நான்கு வருடமாக யாரும் பேசுவதில்லை.'
சம்சாரம்.
நமக்குப் பெண்டாட்டி.
அவர்களுக்குப் பேச்சு.
நெஃபீசா சிரித்துவிட்டாள்,
பிறகு என் முகத்தைப் பார்த்து
பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனாள்.
என் அம்மா செத்ததை
என் குற்றமாக எழுதி
சீல் வைத்திருக்கிறார்கள்.

பாலக்காட்டில் சப் கலெக்டர் ஆபீசுக்கு
நானும் அப்பாவும் ரெண்டு பஸ் மாறிப் போனோம்.
அண்ணன் காரில் வந்தான், வக்கீலோடு.
ஒருத்தர்கூட அப்பாவுக்கு நாற்காலி போடவில்லை,
அவரைப் பற்றித்தான் அத்தனை பேரும் பேசினார்கள்.
மாதம் ஒருமுறை ஆள் வந்து பார்க்கும் என்று உத்தரவு.
பார்க்க ஆள் வேண்டாம் சார்,
பார்த்துக்கொள்ள ஒரு ஆள்,
ராத்திரிக்கு மட்டும், என்றேன்.
அதற்கு அவர்கள் தாளில் கட்டம் இல்லை.

மறுப்பு எழுத உட்கார்ந்தேன்.
'ஐயா, நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்'
என்று எழுதிவிட்டு
என்ன பேசினோம் என்று யோசித்தேன்.
எந்திரி.
கையைத் தூக்கு.
மாத்திரையை முழுங்கு.
அந்தப் பக்கம் போகாதே.
நேற்றும் இதே.
முந்தாநாள் மாத்திரை தீர்ந்திருந்தது,
அதனால் ஒன்று குறைவு.
பேச்சென்று இருந்ததெல்லாம்
அம்மா பேசியதுதான்.

பேனாவை மூடினேன்.
மணி ரெண்டேகால்.
கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.
லாரி வந்துச்சா துளசி?
சாவியை இடுப்பில் செருகியபடி
வந்துச்சுப்பா, என்றேன்.
என்ன லோடு?
தக்காளி. ஒட்டன்சத்திரத்துது.
எத்தனை பெட்டி?
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்,
ஆயிரத்தி எரநூறு.
அவ்வளவு எவன்டீ ஏத்துவான்
அந்த வண்டியில, என்று
சண்டைக்கு வந்தார்.