லேசான தடியடி

அன்றைக்கு நான் அனுப்பியது
நாற்பத்தோரு நிமிடம்.
ஓடியது பதினோரு நொடி.

முதல் ஆறு நிமிடம் நெல்.
கொள்முதல் நிலைய வாசலில்
பதினெட்டு நாள் மழையில் கிடந்து
சாக்குத் தையல் வழியே
வெள்ளை முளை நீட்டியிருந்த குறுவை.
பக்கிரிசாமி ஒரு சிப்பத்தைப் பிரித்தார்,
முழங்கை வரை உள்ளே விட்டார்.
"சூடு வருது, தொட்டுப் பாருங்க தம்பி."
கேமராவில் சூடு விழாது.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள்:
வராத லாரி, தீர்ந்துபோன சாக்கு,
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் என்று
மூன்று தடவை திருப்பியது,
மூட்டைக்கு இவ்வளவு என்று
கை நீட்டியவனின் பெயர்.
(பெயர் வந்த இடத்தை வெட்டியது நான்தான்.
டெஸ்க் அல்ல.)

பத்தரை மணிக்குப் போன்:
"நெல்லெல்லாம் சரி. ஏதாவது எரியுதா?"
எரியல சார், முளைக்குது.
"பஸ் நிக்குதா பாருங்க."

நின்றது.
கோவில்வெண்ணிக்கு இந்தப் பக்கம்,
தஞ்சாவூர் போகிற வண்டி.
ஜன்னலோரம் இருந்தவள் இறங்கி வந்து,
எங்கப்பாவுக்கும் அறுபது மூட்டை
வடுவூர்ல கிடக்கு என்று
மறியலோடு உட்கார்ந்துவிட்டாள்.
இரவுச் செய்தியில் அவள்தான்
"அவதிக்குள்ளான பொதுமக்கள்".
காலையில் சாப்பிடாத முகம்.
பொருத்தமாகத்தான் இருந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
கூட்ஸ் வண்டி எஞ்சின் திருப்பும்வரை
பிரசவ வலிக்காரியும் நிற்கிறாள்,
கல்யாண வேனும் நிற்கிறது, தினமும்.
அதை அவதி என்று எழுது என
எனக்கு இதுவரை ஒரு போன் வந்ததில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஜீப் வந்தது.

செயப்பாட்டு வினையை
எட்டாம் வகுப்பில் நான் சரியாகப் படிக்கவில்லை.
இந்தத் தொழில்தான் கற்றுக்கொடுத்தது.
மறித்தனர், முழங்கினர், தள்ளினர் என்று
சாலையில் இருந்தவர்கள் எல்லாம் செய்கிறார்கள்.
தடியடி மட்டும்
நடத்தப்படுகிறது.
அடித்தவர் வாக்கியத்தை விட்டு இறங்கி
டீ குடிக்கப் போய்விடலாம்.

அந்தப் பதினோரு நொடியில்
ஒரு செருப்பு பறக்கிறது.
ஓடும்போது முதுகில் விழுந்த அடியில்
காலைவிட்டுக் கழன்ற செருப்பு.
அடியை வெட்டிவிட்டால்
அது எறிந்த செருப்பு.
மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள், மூன்று முறை,
சிவப்பு வட்டம் போட்டு.
கூத்தாநல்லூர் டீக்கடையில் ஒருவர் சொன்னார்:
"இவனுங்க அராஜகம் தாங்கல."
நான் டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நெல்லின் ஈரத்துக்கு ஒரு கருவி இருக்கிறது.
பதினேழு புள்ளி நாலு என்று காட்டும்.
அந்தப் புள்ளி நாலுக்காக
ஒரு வருஷத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.
தடியின் லேசுக்கு
எதை வைத்து அளந்தோம்?
நெல்லுக்குள் விட்ட அதே கை,
மணிக்கட்டில் இரண்டு இடத்தில் விட்டிருந்தது.
அவர் மனைவி வேதாம்பாள்
எக்ஸ்ரேயை ஆஸ்பத்திரி ஜன்னலில் பிடித்துக் காட்டினார்.
எடுத்தேன். நல்ல வெளிச்சம், நல்ல ஃபிரேம்.
"அது நேத்து நியூஸுங்க" என்றது டெஸ்க்.

"லேசான" என்பதை
சென்னையில் யாரோ சேர்த்துவிட்டதாக
ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
பிறகு வாட்ஸாப்பைத் தள்ளிப் பார்த்தேன்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.
அனுப்பியவன் நான்.
யாரும் கேட்கவில்லை. மிரட்டவில்லை.
தடியடி என்று அடித்ததும்
முன்னால் போய் அதுவாக நின்றுகொண்டது,
துளிப் பிழையில்லாமல்.
கிளிப்புக்கு இருநூற்றைம்பது.
வந்துவிட்டது.

தையில் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன்.
இடது கையால் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
கோபமாக இருப்பார் என்று
தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தேன்.
கூப்பிட்டே விட்டார்.
"அன்னைக்கு நாங்க பேசுனது பூரா
ஒங்கள்ட்ட இருக்கும்ல தம்பி?
கோர்ட்டுல கேப்பாங்களாம்."

இருக்குண்ணே என்றேன்.

போனில் இடம் போதாமல்
கார்த்திகையிலேயே அழித்திருந்தேன்.