மூன்று கிலோ

அப்துல்லாபுரம் கொட்டகையில்
விமானத்தின் முகத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்திருக்கிறார் தேவநேசன்.
ஒயர்கள் குடலாய்த் தொங்குகின்றன.

கொட்டேஷனில் இரண்டு பெட்டிகள்.
ஒன்று பேசும், ஒன்று வழி சொல்லும்.
இரண்டையும் சேர்த்துச் செய்யும் மூன்றாவதன் விலைக்கு
ஆம்பூரில் ஒரு மனை வாங்கலாம்.

"எதுக்கு?" என்கிறாள் நஸ்ரீன்,
பாதிப் பங்குக்காரி, தோல்மண்டிக் கணக்குப் பார்த்தவள்.
"கீழே பாலாறு கிடக்கு.
மணலைப் பிடிச்சுட்டே போனா வாணியம்பாடி."
மேகம் மூடிய நாளில்
பாலாறு ஏது, என்கிறேன்.

பழைய திசைமுள்ளைத்தான்
முதலில் கழற்ற வேண்டுமாம்.
எந்த நிலையமும் அதற்கு
இப்போது குரல் கொடுப்பதில்லை.
மூன்று கிலோ வீண் சுமை.
சரிதான்.

போன ஐப்பசியில் மட்டும்
யாரும் கூப்பிடாமலே அது திரும்பி
ஜவ்வாது மலைப்பக்கம் நடுங்கி நின்றது.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
அங்கே மின்னியது எங்கள் கண்ணுக்குப் பட்டது.
அன்று அரக்கோணம் வழியாகச் சுற்றி வந்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்,
இரண்டு பெட்டிக்கும்.
ஓட்டையை மூட
தகடு அளவெடுக்கிறார் தேவநேசன்.
நஸ்ரீன் முள்ளை வாங்கி
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்:
"இதைக் கொடுத்தா
எவ்வளவு கழிப்பாங்க?"