பதினேழு கற்கள்

கொழிஞ்சாம்பாறைத் தபால்காரர் கொடுத்துப்போன உறையில்
கடிதம் இல்லை, ஒரு பத்திரிகை நறுக்கு மட்டும்.
டீட்மார் ஹோல்ட்ஸாப்ஃபெல், எண்பத்தொன்பது,
காலமானார்.

திராட்சை விவசாயிகள் சங்கச் செயலாளர்,
பிறகு ஊர் மேயர்,
பிறகு பான் நகரத்தில் ஏழு முறை உறுப்பினர்,
கடைசிக்கு முந்தின வரிசை.
போக்குவரத்துக் குழுவில் பதினெட்டு வருஷம்.
அவர் கொண்டுவந்த புறவழிச்சாலைக்கு
அவர் பேரையே வைக்கப்போகிறார்களாம்,
ரவுண்டானா வரைக்கும்.

கறுப்புக் கட்சிக்காரர்.
அங்கே கறுப்பு என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்கள்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
கறுப்புச் சட்டை சாமி இல்லை என்னும்,
இந்தப் பக்கம் கார்த்திகை பிறந்தால் சரணம் போடும்.
மூன்று கறுப்புக்கும் ஊசி போட்டவள் நான்.

நறுக்கில் விட்டுப்போனது:
எழுபத்திநாலு நவம்பர், மாவட்ட ஆஸ்பத்திரி,
மூன்றாம் மாடி, நைட் ட்யூட்டி.
பித்தப்பையிலிருந்து எடுத்த கல் பதினேழு.
எண்ணிக் குப்பியில் போட்டது இந்தக் கை.
வலியில் அவர் கட்சியையும் கூப்பிடவில்லை,
கடவுளையும் கூப்பிடவில்லை.
ஷ்வெஸ்டர், ஷ்வெஸ்டர் என்றார்.
நர்ஸுக்கும் கூடப்பிறந்தவளுக்கும்
அந்த ஊரில் ஒரே சொல்.

உங்கள் ஊரில் என்ன விளையும் என்று கேட்டார்.
கடலை, தேங்காய், கள்.
தண்ணீர் மட்டும் விளையாது,
அதற்கு இரண்டு ராஜ்ஜியம் கையெழுத்துப் போடணும் என்றேன்.
நீ எந்த ராஜ்ஜியம்?
வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம்.
ஓ, எல்லைக்காரி! என் அம்மாவும் அப்படித்தான்,
ஜெர்மனில் ஜெபிப்பாள், பிரெஞ்சில் வைவாள்
என்று சிரிக்கப் போனவரை
தையல் பிரியும் என்று அதட்டினேன்.
ஒரு எம்.பி.யை அதட்டியது
வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

எழுபத்தேழில் திராட்சைத் திருவிழாக் கொட்டகையில் பேசினார்.
விருந்தாளி என்றால் ஒரு நாள் கிளம்பத்தானே வேண்டும்?
கைதட்டல், பித்தளை வாத்தியம்.
அடுத்த மாதம் எனக்கும் எங்கள் வார்டில் ஒன்பது பேருக்கும்
அனுமதி நீளவில்லை.

சனிக்கிழமை அவர் ஆபீஸுக்குப் போனேன்.
எழுந்து நின்றார். நாற்காலி போட்டார்.
காப்பியைத் தன் கையால் ஊற்றினார்.
"சட்டம் எல்லோருக்கும் ஒன்று, ஷ்வெஸ்டர் எமரென்சியா."
பேரில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.
அதுதான் பொறுக்கமுடியாமல் போனது.
போகும்போது என் கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டார்,
கதவைத் திறந்து நின்றார்.

எங்கள் சித்தூர்ப் பக்கம்
பார்க்கலாம், நாளைக்கு வா என்று
பத்து வருஷம் நடக்கவைப்பார்கள்.
இவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.
எது மேல் என்று
இன்னும் முடிவுக்கு வரவில்லை நான்.

தொண்ணூற்றிநாலில் அவர் கட்சியே சீட்டை
முப்பத்திமூன்று வயசுப் பையனுக்குக் கொடுத்தது,
நாலு ஓட்டு வித்தியாசம்.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது,
முதலும் கடைசியும் அதுதான்.
"என்னையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்."
பதில் போடவில்லை.
ஸ்டாம்ப் வாங்கினேன், அதைக் கரண்டு ஆபீஸ் புகாருக்கு ஒட்டினேன்.

இப்போது பேக்கரி மாடியில்
தேர், தீ, தாஸ் என்று முப்பது பெண்கள் கத்துகிறார்கள்.
ஜெர்மனி உங்களை அழைக்கிறது!
பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவர் முகத்தின்மேல்
போஸ்டர் ஒட்டியிருக்கிறது.
அவர் மீசையின் ஒரு நுனி மட்டும் வெளியே.

நறுக்கின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
கல் 17. நோயாளி ஒத்துழைத்தார்.
பாலக்காட்டுக் காற்று பறித்துக்கொண்டு போகுமுன்
பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்தேன்.

மூலத்தறைத் தண்ணீர் இன்றைக்கு எங்கள் முறை,
ஆறு மணி வரைக்கும்.
மோட்டார் போடணும்.