ஒரு நீளம், மூன்று குட்டை

பொத்தானை அமுக்கினால்
விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது,
திரை மட்டும் கறுப்பு.
நாளைக்கு ஜி.எஸ்.டி. கடைசி நாள்.

ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன்.
வேறு மானிட்டரை இரவல் வாங்கி மாட்டினேன்,
அதுவும் கறுப்பு.
சோமனூர் கடைக்காரர் போனில் கேட்கிறார்:
"பீப் சத்தம் வருதுங்களாக்கா?
எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க,
அதுலதான் நோவு தெரியும்."
எனக்கு அவர் சத்தமே பாதிதான் கேட்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி.

போய்த் தறி மெயினை இறக்கினேன்.
நாடா பாதி வழியில் நின்றது.
ராக்கியண்ணன் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு
"யாருங்க தவறிட்டது?" என்கிறார்.
செல்வநாயகி மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.
ஒண்ணுமில்லீங்க,
சித்தெ பேசாம இருங்க.

தெரு முழுக்கக் காது.
அமுக்கினேன்.
ஒரு நீளம். மூன்று குட்டை.

"ராம்தானுங்க" என்றார் கடைக்காரர்,
ஜாதகம் பார்த்தவர் மாதிரி.

மூடியைக் கழற்றினால்
அணில் குட்டி போடுகிற அளவுக்குப் பஞ்சு.
ராக்கியண்ணன் குனிந்து பார்த்தார்,
இருமினார்,
தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ராமை உருவி
மகளின் ரப்பரால் பொன்னிறப் பல்லைத் தேய்த்து
'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன்.

திரை வந்தது.
தேதி மட்டும் 2009, ஜனவரி ஒன்று.
உள்ளேயிருக்கும் காசு அகலப் பேட்டரியும்
செத்திருக்கிறது.
அந்தத் தேதியில்
தறிக்கு நாங்கள் இன்னும் கடன் வாங்கவில்லை.

திருத்தாமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஓட்டட்டுங்களா?"

"ஓட்டுங்க."