பக்கம்

எங்கள் நீதிமன்றத் தமிழில்
குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன்,
வாய் கூசுவதில்லை.

எதிரி: மடுத்தீன் ரெஜினோல்ட், வயது இருபத்தாறு,
பாசையூர், மீன் வியாபாரம்,
பதினேழு மாத விளக்கமறியல்.
குற்றப்பத்திரத்தின்படி
கொக்குவிலில் ஒரு மார்கழி இரவு
தயாநிதி ரீச்சரின் கழுத்தில் கத்தி,
பதினொரு பவுண் தாலிக்கொடி,
முறிந்த வலது மணிக்கட்டு.

வழக்கைத் தொடுப்பது அரசு.
அரசு என்பது அந்த அறையில்
என் கறுப்புக் கோட்டும் நாரிப்பிடிப்பும்தான்.

நேற்றிரவு கோவையைக் கடைசித் தடவை புரட்டினேன்.
முப்பத்தெட்டுக்குப் பின் நாற்பது.
தேடினால், பொலிஸ் அனுப்பிய மற்றக் கட்டில்
யாரோ ஒருவரின் சைக்கிள் களவுக்குள் கிடந்தது,
ஒரு கடைப் பெடியனின் வாக்குமூலம்.
சிங்களத்தில் எழுதி, தமிழில் ஒப்பம்.
விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன்:

ஓடினவனைக் கண்டேன், நெடுவல்.
மீன்காரரை எனக்குத் தெரியும்,
வெள்ளி செவ்வாய் தவிர்த்து ஒவ்வொரு நாளும்
கடைக்கு முன்னால் சைக்கிள் நிறுத்துகிறவர்.
இது அவர் இல்லை.

சாட்சிப் பட்டியலில் பெடியனின் பெயர் இல்லை.
ஏன் இல்லை என்று ஒரு வரியும் இல்லை.
மூலையில் கிளிப்பின் துரு மட்டும்.

காலையில் அந்தத் தாளை
ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தேன்.
ஆரியகுளம் சந்தியில் மழை பிடித்தது.
நனையக்கூடாதே என்று நினைத்தேன்.
நனைந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.
இரண்டையும் நினைத்தவள் ஒருத்திதான்,
ஒரே சிவப்பு விளக்கில்.

இரண்டு பிரதி, நாற்பது ரூபாய்.
எதிரித் தரப்புச் சட்டத்தரணி பிரணவரூபன்
தண்ணீர்க் குழாயடியில் நின்றார்.
வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
“மேடம், இதை நீங்கள் தந்திருக்கத் தேவையில்லையே.”
தேவை, என்றேன்.
அதற்கு மேல் சொன்னால் பிரசங்கமாகிவிடும்.

ரீச்சர் வாங்கில் இருந்தா.
பிறர் வாயால் கேட்கக்கூடாதென்று
நானே போய்ச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் என் சப்பாத்தைப் பார்த்தா.
“பிள்ளை, நீங்கள் எங்கட பக்கமெண்டுதானே
நான் இவ்வளவு நாளும் வந்தனான்.”

உண்மையின் பக்கம், சட்டத்தின் பக்கம்,
எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும்.
வளைந்து பொருந்திய அந்த மணிக்கட்டுக்கு முன்னால்
ஒன்றும் வரவில்லை.
பிளாஸ்கின் மூடி ஒரு கையால் திறபடவில்லை அவவுக்கு.
வாங்கித் திறந்துகொடுத்தேன்.
ஆவி வந்தது. குடிக்கவில்லை.

மன்றில் எழுந்து
ரெஜினோல்ட் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.
தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்,
பிறகு எதிரி என்று அடித்தாள்.

பிணை மனுவுக்குத் தவணை போட்டார்கள்.
விலங்கு பூட்டும்போது அவன் என்னைப் பார்த்தான்,
நன்றி ஒன்றும் இல்லை,
பஸ் ஏன் நின்றதென்று விளங்காத
பயணியின் முகம்.

அவன் செய்திருக்கவும் கூடும்.
பெடியனுக்குச் சும்மா மீன் கிடைத்திருக்கவும் கூடும்.
அதையும் கேட்கட்டும், கூண்டில் ஏற்றி,
எல்லோருக்கும் முன்னால்.
கேட்பதில் நானும் ஒருத்தியாய் இருப்பேன்,
கடுமையாகவே கேட்பேன்.

நாலரைக்கு வெளியே வந்தபோது
மழை விட்டிருந்தது.
ரீச்சர் பஸ் தரிப்பில் நின்றா.
ஸ்கூட்டரை மெதுவாக்கினேன்.
பஸ் வருகிற பக்கம் இது.
அவ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா.